வெள்ளைச் சொஜ்ஜி

எழுபதுகளில் தி. நகர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, நானும் என் கணவரும் பாக்கெட் கேசரி மிக்ஸ் தயாரித்தோம். வறுத்த ரவை, சர்க்கரை, ஏலக்காய், முந்திரி, கூடவே ஆரஞ்சு நிறப் பொடி. சட்டம் அனுமதித்த பொடிதான். அதை எடுக்கச் சொல்லி எந்த அதிகாரியும் எங்கள் வாசலில் வந்து நிற்கவில்லை.

பாக்கெட் போட வந்த பெண்தான் ஒருநாள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "இன்னா தேச்சாலும் போவ மாட்டேங்குதுக்கா. சோத்துல கை வச்சா சோறும் கலராவுது."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சோப்புக்கே மசியாதது வயிற்றுக்குள் போய் என்ன செய்யும்? மறுநாளே பொடி டப்பாவைத் தூக்கி எறிந்தேன். நிறம் போனால் மணமாவது இருக்கட்டும் என்று ஏலக்காயைக் கூட்டி, பாக்கெட்டில் 'நிறம் சேர்க்காதது' என்று அச்சடித்தேன். "கேசரின்னாலே கலர்தானே" என்று கணவர் முனகினார். நான் ஒன்றை நினைத்துவிட்டால் எனக்குக் காது கேட்காது. அது அவருக்கும் தெரியும்.

எங்கள் சரக்கில் பெரும்பங்கை விற்றுக்கொடுத்தவர் மயிலாப்பூர் மாட வீதிக் கடைக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. நான் கிண்டி எடுத்துப்போன கேசரியைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, காய்ச்சக்காரனுக்குக் கிண்டுன மாதிரில்லா இருக்கு? பக்கத்துத் தெருவுல கேசரி மிக்ஸ் போடுத கம்பெனிக்காரன் சிரிக்கான். தீபாவளி வரைக்கும் பாப்பேன். போகலன்னா உங்க சரக்கே நமக்கு வேண்டாம்." அவர் கைவிட்டால் கொட்டகைக்குப் பூட்டுதான்.

அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூரில் என் பிறந்த வீட்டில் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் இல்லாமல் அந்தச் சடங்கு ஏது? எங்கள் வீடுகளில் கேசரிக்குச் சொஜ்ஜி என்று பெயர். கிண்டியவள் நான். வேறு எந்தப் பாக்கெட்டை எடுப்பேன்?

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல காரியத்துக்கு வெள்ளைச் சொஜ்ஜியாடீ? வந்தவா என்ன நினைச்சுப்பா? உன் வியாபாரத்தை ஆத்துக்குள்ள கொண்டுவராதே!"

"சாப்பிட்டுட்டுச் சொல்லட்டும்" என்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டைப் பார்த்தார். உப்புமா என்று முடிவு கட்டி, பஜ்ஜிக்கு வைத்த தேங்காய்ச் சட்னியை அதன் தலையில் கவிழ்த்து ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"அய்யய்யோ, தித்திக்கறதே!"

அவர் துள்ளிய துள்ளலில் தட்டு பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. சலவை மடிப்புக் கலையாத மயில்கண் வேஷ்டி. சொஜ்ஜி கொட்டிக் காவியேறிய வேஷ்டியைச் சந்நியாசிக்குத்தான் கொடுக்கலாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா ஈரத்துண்டால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். வேஷ்டி வெள்ளையாகவே இருந்தது.

"போன தடவை பொண்ணு பார்க்கப் போன இடத்துல என் புடவையில கொட்டினது இன்னும் போகலை. இது என்ன சொஜ்ஜிம்மா?" என்றவர், தன் தட்டிலிருந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். "ஏலக்காய் என்னமா மணக்கறது!" பெரியப்பாவும் இன்னொரு தட்டு கேட்டார், சட்னி இல்லாமல். அதற்குள் தங்கையும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து முடித்திருந்தார்கள். பெரியவர்கள் பேச அதிகம் மிச்சமில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் வானொலி விளம்பரம் பிச்சை வாங்க வேண்டும். சட்னிக் கதை மாட வீதி முழுக்கப் பரவியது. கறை படாத கேசரி வேண்டும் என்று பெண்கள் கடையில் கேட்டு வாங்கினார்கள். தீபாவளிக்கு முன்பே அண்ணாச்சி, இருப்பதையெல்லாம் அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். "ஊர்ல அவ்வளவு பேருக்கா காய்ச்சல், அண்ணாச்சி?" என்று நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். அதைக் கேட்காமல் இருக்க நான் என்ன மகானா?

பொங்கலுக்குள் பக்கத்துத் தெருக் கம்பெனியின் பாக்கெட்டிலும் 'நிறம் சேர்க்காதது' என்று வந்துவிட்டது, எங்களுடையதைவிடப் பெரிய எழுத்தில். கணவருக்கு ஆத்திரம். எனக்கோ சந்தோஷத்தில் கடை வாசலிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. அதில் ஒன்றை வாங்கிவந்து கிண்டினேன். வெள்ளை வெளேரென்று வந்தது. முதல் கரண்டியைப் பாக்கெட் போடும் பெண்ணின் கையில் வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கறையே இல்லை. "அவனுதும் நல்லாத்தான் கீதுக்கா," என்றாள். "ஆனா நம்மளுதுதான் ஷோக்கு."