எல்லையில் கண் மூடுபவர்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் காலைப் பேருந்தில் அவர் வளவனூரில் ஏறுவார். குடியை விடக் கோயிலில் கட்டிக்கொண்ட மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கும். சட்டை வியர்த்து நனைந்திருக்கும். நடுங்கும் கைகளைச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் மறைத்துக்கொள்வார். எல்லையில் பிராந்திக் கடைகள் தொடங்குவதற்கு முன்பே கண்களை மூடிவிடுவார்.

“கடைங்க எல்லாம் போயிடுச்சா சார்?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் கேட்பார்.

“இன்னும் இல்லைங்க.”

“பேஜாரா இருக்குது சார். வேலைக்குப் போவணுமே, அதான் கண்ண மூடிக்கினு வர்றேன்.”

ஒருநாள் அவர் கடைகளைப் பார்த்தபடியே வந்தார். கைகள் பைமீது அசையாமல் கிடந்தன. தேறிவிட்டார் என்று மகிழ்ந்து, “இப்போ பரவாயில்லையாங்க?” என்றேன்.

“நடுக்கம் நின்னுபோச்சு சார்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கயிறு இருந்த இடம் மட்டும் மணிக்கட்டில் வெளுத்துத் தெரிந்தது.