அவரே வைத்துக்கொண்ட பட்டப்பெயர்

பேருந்துப் பணிமனையில் அவரைப் பீப்பா என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை வேறு யாரும் வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால்தான் ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே இடம் கிடைத்தது. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள், பீப்பா ஏறியாச்சு, வண்டி தாங்குமா என்று அவரே கேட்டுவிட்டார். பள்ளிக்கூட நாளில் பட்ட பாடு கற்றுக்கொடுத்த வித்தை அது. தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்காது.

அதே வித்தை வீட்டுக்கும் வந்தது. உட்காருமுன் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். புகைப்படம் எடுத்தால், தான் நின்றால் மற்றவர்களுக்கு இடமிருக்காது என்று ஒதுங்கிக்கொள்வார். மனைவி சிரிப்பாள், பத்து வயது மகளும் சிரிப்பாள். மகள் அப்பனை உரித்து வைத்தாற்போல் இருப்பாள். அதே வட்ட முகம், அதே பருத்த கணுக்கால். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு உச்சி குளிரும்.

ஒருநாள் விளையாட்டு வகுப்பில் மகள் மயங்கி விழுந்துவிட்டதாகப் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். வண்டியை இன்னொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, வயிறு காலியாக இருக்கிறது என்றார். பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலைப் பால் கழுவுதொட்டிக்குப் போயிருக்கிறது. மதியச் சாப்பாடு பக்கத்து பெஞ்சுக்காரிக்குப் போயிருக்கிறது.

வீட்டில் மனைவி கெஞ்சினாள், அதட்டினாள், தட்டோடு மகளின் பின்னாலேயே நடந்தாள். மகள் வாயைத் திறக்கவில்லை. அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.

"எல்லாரும் நான் உன்னை மாதிரியே இருக்கேன்னு சொல்றாங்கப்பா."

"இருந்தா என்னம்மா?"

"உன்னைப் பாத்து நீயே சிரிக்கிறியே."

அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா சொன்னது கேட்க எளிதாகத்தான் இருந்தது. கெஞ்ச வேண்டாம், மிரட்ட வேண்டாம், சாப்பிட்டால் பரிசு என்று ஆசைகாட்ட வேண்டாம். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். யாருடைய உடம்பைப் பற்றியும் வீட்டில் பேச்சு வேண்டாம். மாதாமாதம் கூட்டிவந்து காட்டுங்கள்.

கேலியை எடுத்துவிட்டால் தன் வாயில் மிச்சம் ஒன்றுமே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பணிமனையில், இனி வெறும் அண்ணே என்று கூப்பிட்டால் போதும் என்றார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து நடத்துனர்கள் இரண்டு நாள் தள்ளியே நின்றார்கள். சாப்பாட்டு மேஜையில் மனைவியின் கண் மகளின் தட்டுப் பக்கம் போனால், மேஜைக்கடியில் காலால் லேசாகத் தட்டுவார்.

அவருடைய அக்கா வந்தபோதுதான் சிக்கல். வந்ததும் வராததுமாக மகளின் கன்னத்தைக் கிள்ளி, இளைத்ததில் இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாள் என்று மெச்சினாள்.

"அக்கா, அவ உடம்பைப் பத்திப் பேச்சு வேணாம். நல்லதாக்கூட வேணாம்."

ஆசையாகச் சொன்னதற்கு இந்தப் பேச்சா என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, டீயைத் தொடாமலே கிளம்பிப்போனாள். வெகுநாள் போன்கூடச் செய்யவில்லை. அவர் உள்ளுக்குள் உடைந்தார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

மகள் சில நாள் அரைத்தட்டு சாப்பிட்டாள், சில நாள் அதுவும் இல்லை. விடுமுறையில் நீச்சல் குளத்துக்குப் போகலாம் என்றபோது, சட்டையோடு இறங்க விடுவார்களா என்று கேட்டாள். விடமாட்டார்கள் என்றதும் அப்படியானால் வேண்டாம் என்றாள். வேடிக்கை பார்க்க மட்டும் வா என்று அழைத்துப்போனார்.

அவரே விவரம் தெரிந்த நாளிலிருந்து நாலுபேர் முன்னால் சட்டையைக் கழற்றியதில்லை. அன்று கழற்றினார். கரையில் நின்ற இரண்டு இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கேலி நுனிநாக்குவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார். தண்ணீர் சில்லென்று இருந்தது. மல்லாந்து மிதந்தபோது, உடம்பு இவ்வளவு லேசாக இருக்குமா என்று அவருக்கே ஆச்சரியம்.

மகள் கரை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று பையில் வைத்திருந்த நீச்சலுடையை மாட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் இறங்கினாள். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி போட்டார்கள். அவர் விட்டுக்கொடுக்காமலே தோற்றார்.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். தெருமுனையில் வேகவைத்த சோளக்கதிர் இரண்டு வாங்கினார். அவள் கொறித்து முடிக்கும்வரை சாலையில் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகும் எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய்வருவது இன்னும் நிற்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டும் கையுமாக முதலில் வாசலில் நிற்பது மகள்தான்.