எட்டு ஆண் எலிகளும் நீலமேகமும்

நீலமேகம் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் எண்ணூர் பக்கத்து ஆய்வுக்கூடத்தில், பிறந்து ஒரே நாளான எலிக்குஞ்சின் வாலைத் தூக்கிப் பார்த்ததுமே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுபவர் அவர் ஒருவர்தான். டாக்டர் பட்டக்காரர்களே தடுமாறுவார்கள். ராயபுரத்தில் மூட்டை தூக்கியவர், அறுபது வயதில் எலி வளர்க்க வந்து, பத்தே நாளில் தானாகப் பிடித்துக்கொண்ட வித்தை அது.

ஆராய்ச்சி மாணவி சங்கமித்ரா, வியாசர்பாடிப் பெண், அவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்வாள்.

"மூளைல ஒரு எடத்துல ஹார்மோன் சுரக்குற நரம்பு செல்லு கீது நைனா. பொட்டைய வுட ஆணுக்கு ஜாஸ்தி. பயகன எலிய ஞாபகம் வெச்சுக்க அது ஒதவுது. தனியா அடச்சு வெச்சா இன்னா ஆவுதுன்னு பாக்கத்தான் இந்த எட்டு ஆம்பள எலியும்."

"அதான் பொஞ்சாதி போய் நாலு வருசமாயும் எனக்கு அவ கொரலு மறக்கல."

"நைனா, இது எலி சமாச்சாரம்!" என்று சிரித்தாள்.

அவர் மூட்டை தூக்கிய துறைமுக கேங்கில் பன்னிரண்டு பேரும் சாப்பாட்டு கேரியரை ஒன்றாகத்தான் திறப்பார்கள். ஒருவன் தனியாகத் தின்றால் மொத்த கேங்குக்கும் கேவலம். எம்.கே.பி. நகர் வீட்டில் நான்கு ஆண்டாகத் தனியாகத் தின்ற நீலமேகத்துக்கு, தனிக்கூண்டில் தீனி கொறிக்கும் எலியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், ஒரு தாய்க்குப் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து அரைமணி நேரம் விட்டார். ஆறு வாரம், ஒருநாள்கூடத் தவறவில்லை.

பிறகு ஞாபகச் சோதனை நடந்தது. சங்கமித்ரா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"தனியா கீற எலி சீக்கிரம் மறந்துடும்னு நெனச்சேன். இதுங்க மறக்கவேயில்ல. நான் நெனச்சதே தப்பு போல. நாளைக்கு அப்பிடியே எழுதிக் குடுக்கப்போறேன்."

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பிழையே செய்யாதவர் என்ற பேரும் நிலைக்கும். அவள்தான் இல்லாததை உண்மையென்று எழுதுவாள்.

"நீ நெனச்சது தப்பில்லம்மா. நான்தான் தெனமும் சோத்து வேளைக்கி அதுங்கள ஜோடி சேத்தேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினாள்.

"பேஜாரு பண்ணிட்டியே நைனா. எட்டையும் கணக்குலேர்ந்து கழிக்கணும். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"புச்சா வர்ற எலிங்க?"

"தனிக்கூண்டு ரூமு சாவிய குடுத்துடு. நீ குட்டிங்கள மட்டும் பாத்துக்க."

இப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? அவருக்கு வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட வேண்டிய காரியம். வீட்டுக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும் முன்பே, மனைவி உள்ளே இருப்பதுபோல, "ஒத்துக்கினேன்" என்று உரக்கச் சொன்னார். பிறகு விளக்கைப் போட்டார்.