அக்காவோட ப்ளேனும் கொழுந்துத் தராசும்

மாத்தளை டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில நான் வேலை செஞ்ச காலம் அது. நாட்டுல சண்டை நடந்துகிட்டிருந்துச்சு. எல்கடுவயிலிருந்து பஸ்ல வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு இடத்துல என் பையைத் திறந்து பார்ப்பாங்க, சோத்துப் பார்சலைக்கூட விடமாட்டாங்க. எரிச்சலோடதான் கடைக்குள்ள நுழைவேன். ஆனா அந்தக் கடையை நெனைச்சா இப்பவும் மனசு இளகிப் போகுது. இஞ்சி போட்ட தேத்தண்ணி, கடகடன்னு ஓடுற ஃபேன், எதுக்கெடுத்தாலும் என்கூட வாதாடுற முஸ்லிம் முதலாளி. அண்ணன் மாதிரி அவரை நானான்னுதான் கூப்பிடுவேன்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக அக்காவுக்கு டிக்கெட் வந்திருந்த வாரம். ரெண்டு வருஷம் இருக்கணும். அவ மகளுக்கு அப்ப நாலு வயசு. பாஸ்போர்ட்டைப் போட்டோ கொப்பி எடுக்கக் கடைக்கு வந்தவ, தேத்தண்ணியைக் குடிச்சுகிட்டே கேட்டா: "ப்ளேனை ஓட்டுறது பைலட்டா, கம்ப்யூட்டரா?"

நான் வாயை மூடிகிட்டு இருந்திருக்கலாம். முந்தின நாள்தான் இன்டர்நெட்ல இதைப் பத்தி ஒரு சண்டையைப் படிச்சிருந்தேன். "பாதி நேரம் கம்ப்யூட்டர்தான். அதுக்குள்ள எழுதியிருக்கிற ப்ரோகிராமை, அதைச் செஞ்ச கம்பெனியும் சோதிக்கிற அதிகாரிங்களும்தான் பார்க்கலாம். எல்லாரும் வாசிக்கிற மாதிரி வெளியில வைக்கணும்"னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன்.

அக்கா கப்பைக் கீழ வெச்சா. "அப்ப நான் எப்பிடிப் போறது?"

நானா விடல. "நாடு கிடக்கிற கிடையில, ப்ளேனோட சூத்திரத்தை எல்லாருக்கும் காட்டுறதா தங்கச்சி? கெட்டவன் ஓட்டை தேடுவானே."

"காட்டாட்டி ஓட்டை இல்லாமப் போயிருமா நானா?"

அக்காதான் குறுக்க வந்தா. "எங்க தேயிலைத் தோட்டத்துல, பறிச்ச கொழுந்தை நிறுக்கிற தராசு முகம் கணக்கப்பிள்ளை பக்கமே இருந்துச்சு. சண்டை போட்டு எங்க பக்கம் திருப்பினோம். அப்பறமும் நிறுத்தது அவருதான், நாங்க கைவைக்கல. பார்த்துகிட்டு நின்னோம், அவ்வளவுதான்."

எனக்குப் பெருமை தாங்கல. "கேட்டீங்களா நானா? பார்க்கறது வேற, தொடறது வேற."

"எல்லா நாளும் பார்த்தீங்களா?"ன்னு நானா அக்காவைக் கேட்டாரு.

அக்கா சிரிச்சிட்டா. "மழை நாள்ல யாரு பார்த்தா? பின்னால நிக்கிறவ பார்ப்பான்னு சாக்கைத் தலையில போட்டுகிட்டு லயத்து வீட்டுக்கு ஓடிருவோம்."

நானா மேசையைத் தட்டினாரு. "அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாரும் பார்க்கலாம்னா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க." தராசும் திரும்பி இருக்கணும், அதைப் பார்க்கறதே வேலையா ஒரு ஆளும் இருக்கணும்னு சொல்லிச் சமாளிச்சேன். இன்னிக்கும் என் முடிவு அதுதான்.

அந்த வாரம் பூரா அக்கா ப்ளேனைப் பத்தியே கேட்டா. ஒரு கம்ப்யூட்டர் நின்னா இன்னொன்னு இருக்கும், அதை இத்தனை தடவை சோதிப்பாங்கன்னு நானும் தேடித் தேடிப் படிச்சுச் சொன்னேன். அவளோட பயத்தைத் தீர்த்து வெச்சுட்டேன்னு எனக்கு ஒரு திமிரு.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல எங்களை உள்ளுக்கு விடல. அக்கா மகள் என் தோள்ல தூங்கிகிட்டிருந்தா. அவ தலையைத் தடவிகிட்டே அக்கா சொன்னா: "ப்ளேனுக்கு நான் பயப்படலடி. போகாதன்னு நீ ஒரு வார்த்தை சொல்வியான்னுதான் கேட்டுகிட்டே இருந்தேன்."

வரிசை நகர்ந்துச்சு. அவ பையைத் திறந்து காட்டப் போயிட்டா. அவ்வளவு பேசின எனக்கு அப்பவும் அந்த ஒரு வார்த்தை வரல.