தட்டைக் கீழே வைக்காத அண்ணன்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய கடைசித் தங்கை நான் எழுதுகிறேன். அண்ணன் இருந்து இதைப் படித்திருந்தால், பேரை மட்டும் போட்டால் போதாதா, இவ்வளவு எதற்கு என்று கேட்டிருப்பார். தன்னைப் பற்றி யார் பேசினாலும் அவருக்குப் பிடிக்காது. எனக்கோ வாய் அடங்காது. ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

அண்ணன் றொசல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தலைச்சன் பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் அக்கா, அக்காவுக்குப் பின் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போனபோது அண்ணனுக்கு மீசை கூட அரும்பவில்லை. துரை பங்களாவுக்கு விறகு பிளக்கப் போனவர், பாத்திரம் கழுவி, கறி நறுக்கி, கடைசியில் அந்தக் குசினிக்கே சமையற்காரர் ஆனார். எங்கள் இருவரையும் அந்த அடுப்படிதான் வளர்த்தது. அக்காவுக்கு நல்ல இடத்தில் கல்யாணமும் செய்து வைத்தார்.

யேசு பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு அண்ணன் செய்யும் சலாது பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வரை பேர்போனது. அவித்த பீட்ரூட், மெல்லிசாகச் சீவிய கரட், பச்சை லீக்ஸ் தாள், நூல் நூலாக அரிந்த கோவா என்கிற முட்டைக்கோசு, தக்காளி என்று நிறம் நிறமாகப் பெரிய தட்டில் வட்டமாக அடுக்குவார். மிளகும் வினாகிரிக் காடியும் தடவி ஊற வைத்த ஆட்டிறைச்சியை மொறுமொறுவென்று பொரித்து நடுவில் குவிப்பார். இறைச்சியைக் கடைசியில்தான் பொரிக்க வேண்டும். முன்னாலேயே பொரித்தால் நமுத்துப் போகும். பச்சைக் கோவாவை மாடுதானே தின்னும், துரையும் தின்பாரா என்று லயத்தில் நாங்கள் அண்ணனைக் கேலி செய்வோம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத் தமிழர்களான எங்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று ஆகியிருந்த காலம் அது. அந்த வருஷம் ஆடி மழையில் மண் சரிந்து அத்தான் போய்விட்டார். அக்கா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். நத்தாருக்கு முந்தின நாள் வலி கண்டது. மறுநாள் காலையிலும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா. தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு லொறி. துரை சொல்லாமல் அது நகராது. பங்களாவில் விருந்து நடக்கும்போது போய்க் கேட்க, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்குத் தைரியம் இல்லை. நான் அண்ணனிடம் ஓடினேன்.

அண்ணன் மேசைக்குப் பரிமாறுகிற அப்பு மூலம் துரையிடம் சொல்லியனுப்பினார். சாப்பாடு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. மறுபடி சொல்லியனுப்பினார். அப்பு தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். அண்ணன் கத்தியை எடுத்துக் கரட் சீவ ஆரம்பித்தார்.

"அங்க அக்கா சாகுது. நீங்க இங்க கரட்டு சீவுறீங்களா அண்ணே?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "வெறுங்கையோட போனா வெரட்டி விட்ருவாங்க பாப்பா. தட்டோட போனா உள்ள விடுவாங்க. நீ அந்தக் கோவாவ நறுக்கு."

பசியோடு இருக்கிற துரையிடம் எதையும் கேட்காதே என்பது எங்கள் லயத்து வேதம். அதை நம்பித்தான் அண்ணன் அந்தச் சலாதைச் செய்தார். நான் அழுதுகொண்டே கோவாவை அரிந்தேன். அவர் ஒவ்வொரு துண்டுக்கும் மாரியாத்தா, மாரியாத்தா என்று முணுமுணுத்தார். இறைச்சி பொரியவே இல்லை. விறகைத் திணித்தார், ஊதினார், சட்டியைத் திட்டினார். அரைகுறையாக எடுத்துக்கொண்டு போனால் துரை முகம் சுளிப்பாரே, காரியம் கெட்டுவிடுமே என்ற பயம் அவருக்கு. ஒரு சாப்பாட்டுப் பண்டத்தின் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு அதற்கு முன் வந்ததில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு அழகான சலாதை அண்ணன் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அப்பு தட்டுக்குக் கை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை. குசினி ஆள் சாப்பாட்டறைக்குள் காலே வைக்கக் கூடாது. அண்ணன் வெறுங்காலோடு உள்ளே போனார். நான் கதவருகில் நின்று பார்த்தேன். சிரிப்பும் பேச்சும் அப்படியே நின்றுவிட்டன. தட்டை வை என்று துரை கை காட்டினார்.

"எந் தங்கச்சி செத்துக்கிட்டிருக்கா தொர. லொறி போகட்டும். போனவொடன வைக்கிறேன்."

துரையின் முகம் சிவந்தது. தட்டு சரிந்து, பீட்ரூட் சாறு வெள்ளை மேசைவிரிப்பில் சொட்டியது. அண்ணன் தட்டைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் துரை தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "லொறி எடு. நாளைக்கு நீ தோட்டத்தில இருக்காத."

அண்ணன் தட்டை மேசை நடுவில் வைத்தார். கோணலாக இருந்ததைக் கொஞ்சம் நேராக்கினார். கும்பிட்டுவிட்டு ஓடினார்.

சிங்கள டிரைவர் ஐயா உத்தரவு வருமுன்பே லொறியை லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். அக்காவைக் காப்பாற்ற முடியவில்லை. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அண்ணன் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் பதில் சொல்லாமல் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். சொல்லாத அந்தப் பதில்தான் அண்ணனைச் சாகும்வரை அரித்தது. தட்டில்லாமலே உள்ளே போயிருக்கலாம், இறைச்சி பொரிகிற நேரம் மிச்சமாகியிருக்கும் என்பார். துரை வெளியே தள்ளியிருப்பார் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அவர் காதில் ஏறியதே இல்லை.

மறுநாளே பச்சைக் குழந்தையோடு தோட்டத்தை விட்டு இறங்கினோம். துரையை எதிர்த்தவர் என்று பேராகிவிட்டதால் எந்தப் பங்களாவிலும் வேலை கிடைக்கவில்லை. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா மகனை மாவுப்பால் கரைத்துக் கொடுத்து வளர்த்தார். அக்காவுக்குத் திதியைப் பஞ்சாங்கம் பார்த்துத் தனியாகக் கொடுப்பார். நத்தார் அன்று லயத்து அடுப்பில் சலாது செய்வார். எப்படி மனசு வருகிறது என்று நான் கத்தினால், "பிள்ள பொறந்த நாளு. அதுக்கு என்னா தெரியும்?" என்பார். பயல் இறைச்சியைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் காய்கறியை ஒதுக்கி வைப்பான். அண்ணன் ஒரு துண்டு கூட வாயில் போட்டதில்லை.

போன வருஷம் நெஞ்சுச் சளி முற்றி அண்ணன் படுத்துவிட்டார். இரவு பகல் பாராமல் வந்து பார்த்த இந்தத் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த லயத்துப் பெண்களுக்கும், கொட்டும் மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், தள்ளாத வயதில் பஸ் பிடித்து வந்து பிள்ளை போல அழுத அந்த டிரைவர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நன்றி அக்கா மகனுக்கு. சாவதற்கு முந்தின நாள் மாலை, அண்ணன் நினைவில்லாமல் இரண்டு கையையும் முன்னால் ஏந்திக்கொண்டு கிடந்தார். கம்பளிக்குள் இழுத்து வைத்தால் மறுபடி ஏந்தினார். "லொறி போயிருச்சா?" என்று கேட்டார். வாயாடியான எனக்கு வாய் எழவில்லை. அவன்தான் பக்கத்தில் குனிந்து சொன்னான்.

"போயிருச்சு மாமா. நேரத்துக்குப் போய்ச் சேந்துருச்சு. தட்ட வைங்க."

அண்ணன் மெதுவாகக் கையைக் கீழே வைத்தார்.