வரவேற்பறைச் சுவரில் இல்லாத செய்தி

அந்த வரவேற்பறையின் சுவரில் செய்தித்தாள் பக்கங்களைச் சட்டமிட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள். எல்லாம் வண்ணப் பக்கங்கள். ஒன்றில் நிர்வாக இயக்குநர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்னொன்றில் உலையிலிருந்து உருகிய இரும்பு ஆரஞ்சு நிறத்தில் வழிந்தது. உள்ளே கூப்பிடும்வரை வேறு வேலை இல்லாததால் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன். எல்லாப் பக்கங்களிலும் மேல் மூலை வெட்டப்பட்டிருந்தது, சட்டம் போட்ட கடைக்காரரிடம் சொல்லி வெட்டியதுபோல ஒரே அளவில். நாளிதழில் நெடுங்காலம் வேலை பார்த்தவனுக்கு அந்த மூலையில் என்ன இருந்திருக்கும் என்பது தெரியும். ‘விளம்பரப் பகுதி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கும். பக்கங்களின் எழுத்துரு அந்தந்த நாளிதழின் எழுத்துரு அல்ல. செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லை. நிருபர் பெயர் இல்லை. கட்டுரையின் கடைசியில் தொலைபேசி எண் இருந்தது. தொலைபேசி எண்ணோடு முடிவது செய்தி அல்ல.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உட்புறச் சாலை ஒன்றில் இருக்கும் அந்த உருக்காலைக்கு என்னை வரச் சொன்னவர் அதன் மனிதவள மேலாளர். ஆலை முழுவதும் அவரை மேடம் என்றுதான் அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். நான் மாவட்ட நிருபராக இருந்த காலத்தில் ஆயுத பூஜை, ரத்த தான முகாம் என்று செய்திக் குறிப்பு அனுப்புகிறவர் அவர்தான். ஊத்துக்கோட்டைக்காரர். வரவேற்பாளராகச் சேர்ந்து, ஊழியர் பேருந்து, கேன்டீன், ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் என்று ஒவ்வொன்றாகத் தன் மேசைக்கு வர, அந்த நாற்காலிக்கு உயர்ந்தவர். நான் பத்திரிகையை விட்டுவிட்டு வேப்பம்பட்டில் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் தொலைபேசியில் வந்தார்.

“சார், ஒரு பேஜாராப் பூடுச்சு. நம்ம கம்பெனிய நெட்டுலேந்து தூக்கப் போறாங்களாம். நீங்க பேப்பர்ல இருந்தவரு, உங்களுக்குத்தான் இந்த ஆதாரம் கீதாரம்லாம் தெரியும். ஒருவாட்டி வந்துட்டுப் போங்க.”

விஷயம் இதுதான். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆலைக்கென்று ஒரு பக்கத்தை மேடமே மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதியிருந்தார். அது பொருட்காட்சித் துண்டறிக்கை போல இருந்தது. ‘தரத்திற்கு மறுபெயர்’ என்று தொடங்கியது. யாரோ ஒரு தன்னார்வலர் அதன் தலையில் சிவப்புக் கட்டம் ஒன்றைப் போட்டிருந்தார்: சார்பற்ற, நம்பகமான ஆதாரங்கள் இல்லாததால் இக்கட்டுரை நீக்கப் பரிந்துரைக்கப்படுகிறது, ஒரு வாரம் கருத்துக் கூறலாம். அதற்கு அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்ததாக அவர்களே மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். நிர்வாக இயக்குநர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: “அவங்க வர்றப்போ பக்கம் இருக்கணும், மேல அந்தச் சிவப்பு டப்பா இருக்கக் கூடாது. மாறி நடந்தா, உங்க சீட்டுல வேற ஆள் இருக்கும்.”

“சும்மா சொல்ற ஆளு இல்ல சார் அவரு,” என்றார் மேடம். “போன வருசம் ஸ்டோர்ஸ் மேனேஜர இப்பிடித்தான் சொன்னாரு, மதியமே அனுப்பிட்டாரு. எங்க ஊட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.”

நான் வருவதற்குள் அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்தை நீக்குவது பற்றிக் கருத்துக் கூறும் கலந்துரையாடலைத் திறந்து காட்டினார். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் கலக்கமும் சேர்ந்து வந்தன. தொழிற்சாலை ஆய்வாளரை எப்படி எதிர்கொள்வாரோ அப்படியே அந்தத் தன்னார்வலரையும் எதிர்கொண்டிருந்தார். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, உரிமம், தரச் சான்றிதழ், தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று எல்லாவற்றையும் படமெடுத்து இணைத்திருந்தார். ‘தாங்கள் நேரில் வந்து பார்வையிடலாம், ரயில் நிலையத்துக்குக் கார் அனுப்புகிறோம், மதிய உணவு ஏற்பாடு செய்யப்படும்’ என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே, ஆலையின் மேற்பார்வையாளர்கள், லாரி எடை போடுகிறவர், கேன்டீன் கான்டிராக்டர் உட்படப் பெரிய கூட்டமே புதிதாகக் கணக்குத் தொடங்கி, ஒரே மதியத்தில், ஏறக்குறைய ஒரே வாசகத்தில், பக்கத்தை நீக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. மனுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது அவருக்குப் பழக்கம். அது எல்லா அலுவலகத்திலும் பலித்திருக்கிறது. இங்கே தன்னார்வலர்கள் அத்தனை கருத்தையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ‘இவர்கள் அனைவரும் நிறுவனத்தின் ஆட்கள்’ என்று எழுதியிருந்தார்கள்.

“இத்தினி பேரு சொல்லியும் கேக்க மாட்டேன்றான் சார். யாரு அந்த ஆளு? எந்த ஊரு?”

“யாராக இருந்தாலும் பயனில்லை மேடம். அவர் ஆள் கணக்குப் பார்க்கவில்லை. உங்கள் ஆலையோடு சம்பந்தம் இல்லாத ஒருவர், உங்களிடம் எதுவும் வாங்காமல், உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறார்.”

“வாங்காம எவன் நைனா எழுதுவான்?” என்றார். என்னை அவர் முதன்முதலாக நைனா என்றது அப்போதுதான். சுவரைக் காட்டினார். “இதுக்கெல்லாம் டப்பு குடுத்த ஆளே நான்தான்.”

கலைக்களஞ்சியப் பக்கத்தில் நான் எழுத மாட்டேன், ஆதாரம் தேடித் தருகிறேன், அது கிடைத்தால் உங்கள் பெயரிலேயே, நிறுவனத்தில் வேலை பார்ப்பதை அறிவித்துவிட்டு நீங்களே வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கடுத்த நாட்கள் திருவள்ளூர் நூலகத்திலும் பழைய அலுவலக நண்பர்களிடமும் கழிந்தன. கிடைத்தவற்றைப் பிரித்துப் போட்டேன். செய்திக் குறிப்பை அப்படியே அச்சிட்டவை ஒரு பக்கம். அவற்றில் முற்றுப்புள்ளிகூட மாறியிருக்கவில்லை. சிலவற்றுக்கு மேலே என் பழைய நாளிதழின் பெயர் இருந்தது. பணம் கட்டினால் தரப்படும் விருதுகளின் செய்திகள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒதுக்கியபின் மேசை காலியாகிவிட்டது. இடையிடையே மேடம் அழைத்து, “ஒண்ணுனா ஆப்டுச்சா?” என்று கேட்பார். அவருடைய மேசையில் இன்டர்காம் அடிப்பது எனக்குக் கேட்கும். “தோ வரேன் சார்” என்று பதறி வைத்துவிடுவார்.

கருத்துக் கூறும் காலம் முடிவதற்கு முந்தைய நாள் அது கிடைத்தது. வட மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு மாத இதழ் வெளியிட்டிருந்த நீண்ட கட்டுரை. அதில் பாதிக்கு மேல் இந்த ஆலையைப் பற்றியது. யார் தொடங்கியது, முதல் உலை எங்கிருந்து வந்தது, சுற்று வட்டார ஊர்க்காரர்கள் பார்த்த வேலை எப்படிக் கான்டிராக்டர் ஆட்களுக்குப் போனது என்று எல்லாம் இருந்தன. புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை. கலைக்களஞ்சியம் கேட்பது இதைத்தான். ஆனால் அந்தக் கட்டுரை எழுதப்பட்ட காரணம், உலைக்குள் ஈர இரும்புக் கழிவைப் போட்டபோது உருகிய இரும்பு தெறித்து ஒரிசாக்காரத் தொழிலாளி ஒருவர் இறந்தது. அந்த இறப்பைப் பற்றி வேறு இரண்டு நாளிதழ்களும் தம் சொந்த நிருபர்களை அனுப்பி எழுதியிருந்தன. ஆக, அந்த ஆலையைப் பற்றிச் சார்பில்லாமல் எழுதப்பட்டவை இந்த மூன்றுதான்.

மறுநாள் முற்பகலில் நகல்களை மேடத்தின் மேசையில் வைத்தேன். முதல் பக்கத்தைப் படித்தவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். விரலால் ஒரு பத்தியைத் தொட்டார். ஆலையின் வரலாற்றைச் சொல்லும் பத்தி. ‘நிறுவன அலுவலர் ஒருவர் கூறினார்’ என்று அது முடிந்திருந்தது.

“இது நான்,” என்றார். “அவன் செத்த அன்னிக்கு ஆஸ்பத்திரிலேந்து அப்பத்தான் வந்தேன். கேட்டாண்ட இத்த எழுதுன புள்ள நின்னுகினு இருந்தா. இன்னான்னு தெரியல, கேட்டதுக்கெல்லாம் சொல்லிகினே போனேன். பேரு மட்டும் போடாதம்மான்னு அழுதேன். போடல.”

பிறகு இறந்தவரைப் பற்றிச் சொன்னார். கேன்டீனில் தினமும் இரண்டாவது முறை சாம்பார் கேட்பாராம். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘இன்னும் கொஞ்சம்’ மட்டும். “மூணாம் நாளு உலையைப் பத்த வெச்சிட்டாங்க. அவன் சைக்கிள் இன்னும் ஸ்டேண்டுலதான் கீது. எட்த்துப் போடுன்னும் யாரும் சொல்லல, யாரும் ஓட்டவும் இல்ல. ஆபீசுல அவன் பேர எட்த்தாலே பேச்ச மாத்திடுவாங்க.”

மேடத்துக்கு முன்னால் இருந்த கணக்கு எளியது. இந்த ஆதாரங்களை வைக்காவிட்டால் மாலையில் பக்கம் போய்விடும், கூடவே அவருடைய வேலையும். வைத்தால் பக்கம் நிற்கலாம். ஆனால் ஆதாரங்களோடு இறப்பும் பக்கத்துக்குள் வரும். நிர்வாக இயக்குநர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை என்னைவிட அவர் நன்றாக அறிவார். நான் வேறொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஆதாரங்களை ஏற்றுக்கொண்டு பக்கத்தை வைத்துவிட்டால் அதன்பின் அது ஆலையின் கையில் இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வரியையோ பக்கத்தையோ எடுக்கச் சொல்ல முடியாது.

“எம்.டி.யே எழுதிக் கேட்டா?”

“எடுக்க மாட்டார்கள்.”

“வக்கீல வெச்சி?”

“சொன்னது பொய் என்றால் எடுப்பார்கள். இதில் பொய் இல்லையே.”

இன்டர்காம் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அதன்மேல் ஒரு கோப்பை எடுத்து வைத்தார், அது சத்தத்தை நிறுத்திவிடும் என்பதுபோல. பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரல்களால் மெதுவாகத் தட்டினார். தன் முழுப் பெயர். இந்த நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். முன்பு மற்றவர்களை எழுதச் சொன்னது நான்தான், மன்னிக்கவும். இதோ மூன்று ஆதாரங்கள். மூன்றையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ இல்லை. மதிய உணவும் இல்லை. பதிவிடும் பொத்தானை அழுத்துவதற்குமுன் என்னைப் பார்த்தார்.  தடுத்திருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை. அவர் அழுத்தினார்.

பக்கம் நின்றது. தன்னார்வலர்கள் பழைய வாசகங்களை எல்லாம் அழித்துவிட்டு, அந்த மூன்று ஆதாரங்களிலிருந்து புதிதாக எழுதினார்கள். வரலாறு ஒரு பத்தி, உற்பத்தி ஒரு பத்தி, விபத்து ஒரு பத்தி. சிவப்புக் கட்டம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து நிர்வாக இயக்குநரின் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. கைப்பேசியில் மூன்றாவது பத்தியை முழுவதும் வாய்விட்டுப் படித்தார்.

“இதை மட்டும் எடுங்கம்மா.”

“எடுக்க முடியாது சார்.”

“அப்போ பக்கமே வேண்டாம். மொத்தமா எடுக்கச் சொல்லுங்க. அவங்கதானே எடுக்கணும்னு குதிச்சாங்க?”

“அதுவும் இனிமே முடியாது சார்.”

அவர் என்னைப் பார்த்தார். “பத்திரிகைக்காரர் சொல்லிக் கொடுத்ததா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொன்னார்: “அவரு தேடித்தான் குடுத்தாரு. போட்டது நான். கீழ என் பேரு கீது, பாருங்க.” நிர்வாக இயக்குநரின் அறையில் அவர் எப்போதும் பேச்சைத் திருத்திக்கொண்டுதான் பேசுவார். அன்று திருத்தவில்லை.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். வந்ததும் உலையைத்தான் முதலில் பார்க்கக் கேட்டார்களாம். ஒப்பந்தம் ஆயிற்றா என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் காரில் ஏறிப் போகும்வரை மேடம் வேலையில் இருந்தார். அன்று மாலை ராஜினாமாவை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்தை நான் அவ்வப்போது பார்க்கிறேன். பெயரில்லாத யாரோ மூன்றாவது பத்தியை அழிக்கிறார்கள். சில மணி நேரத்தில் வேறு யாரோ திரும்ப வைக்கிறார்கள். சண்டையில் இரு தரப்பையும் எனக்குத் தெரியாது. மேடம் அதைப் பார்ப்பதில்லை என்றார். அவருடைய கவலை வேறு. தொழிற்பேட்டையில் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் அவர் பெயரை இணையத்தில் தேடுகிறார்கள். முதலில் வருவது அந்தக் கலந்துரையாடல். நேர்காணலில் எல்லாம் நன்றாகப் போய், பிறகு தகவல் வராமல் போகிறது.

சென்ற வாரம் அழைத்தார். பின்னால் ஏதோ அலுவலக வரவேற்பறையின் பேச்சுச் சத்தம்.

“நைனா, அதுலேந்து என் பேர மட்டும் எடுக்க வழி கீதா?”

இருந்தது. கணக்கின் பெயரை மாற்றித் தரும்படி கோரலாம். அந்தக் கலந்துரையாடலிலும் புதுப் பெயரே வரும்படி செய்துகொள்ளலாம். சொன்னேன்.

“புதுப் பேர்னா?”

“யார் என்று தெரியாத ஏதாவது. எழுத்தும் எண்ணுமாகக்கூட இருக்கலாம்.”

“அப்போ அத்த சொன்னது யாருன்னு படிக்கிறவனுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

 அங்கே யாரோ ஒரு பெண் அவருடைய பெயரை முழுதாக, முதலெழுத்தோடு, உரக்கப் படிப்பது கேட்டது.

“வாணாம், அப்பிடியே கெடக்கட்டும்,” என்றார். “உள்ள கூப்புடறாங்க. வெச்சிடறேன்.”