பத்மா டீச்சரின் சாயச் சால்

செங்குன்றம் போகும் முதல் பஸ் திருவள்ளூரை விட்டுக் காலை ஐந்தரைக்குக் கிளம்பியது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை; எழுபதுகளின் தொடக்கம். என் மடியில் துணிப்பெட்டி, காலடியில் ஒரு தகர டின். டின்னில் சாயத்தொட்டிக்குப் போடும் ஹைட்ரோஸ் பொடி. எவ்வளவு இறுக்கி மூடினாலும் தீக்குச்சி எரிந்த நெடி வரத்தான் செய்யும். கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

“இன்னாமா அது டின்னுல? பட்டாசு மருந்தா?”

“சாயம் போடற பொடிங்க.”

“கொட்டிக்கினு பேஜாரு பண்ணிடாதம்மா. சீட்டுக்கு அடியில தள்ளிக்க.”

தள்ளிக்கொண்டேன். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கைத்தொழில் ஆசிரியை வேலை அங்கே காலியாகியிருந்தது. மூன்று நாள் பிள்ளைகளுக்கு அவுரி நீலத்தில் முடிச்சுச் சாயம் சொல்லித் தர வேண்டும். மூன்றாம் நாள் பள்ளிக் கமிட்டி வந்து துணிகளைப் பார்க்கும். பிடித்திருந்தால் ஜூன் முதல் வேலை எனக்கு. அதுவரை நான் பதிலி ஆசிரியையாகவே காலம் தள்ளியவள். எங்கேயாவது யாராவது பிரசவத்துக்குப் போனால்தான் எனக்குச் சோறு. ஊரான் வீட்டு வளைகாப்புச் செய்தியை என்னைப்போல் ஆவலாகக் கேட்டவர்கள் இருக்க மாட்டார்கள்.

இந்த முறை பிரசவத்துக்குப் போனவள் பத்மா. அதைச் சொல்லிவிட்டால் என் வயிற்றில் எரிந்த நெருப்பு உங்களுக்குப் பாதி புரிந்துவிடும். பத்மாவும் நானும் சென்னையில் ஒரே பயிற்சி நிலையத்தில், ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அங்கே ஒரு ஜப்பான்கார அம்மாள் வந்து இரண்டு வாரம் எங்களுக்குக் கற்பித்தாள். துணியைக் கட்டி, மடித்து, தைத்து நீலத்தில் முக்கும் இந்த வேலைக்கு அவர்கள் ஊரில் ஷிபோரி என்று பெயர். கடைசி நாள் அந்த அம்மாள் பத்மாவின் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். என் துணியை அழகாக மடித்து என்னிடமே கொடுத்தாள்.

எட்டு மணிக்குச் செங்குன்றத்தில் வேறு பஸ். சோழவரத்தில் அது நின்றுவிட்டது. பழைய விமானத் தளத்தில் அன்று மோட்டார் பந்தயம். சாலை அடைத்துக்கொண்டு கார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்கள் கார் கூரைமேல் உட்கார்ந்து வந்தார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

“சுத்தி சுத்தி அதே எடத்துக்குத்தான் வரப் போறானுங்க. அதுக்கு எவ்ளோ டப்பு கொட்றானுங்க பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவன் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

காரனோடைப் பாலத்தில் ஆற்றில் மணல்தான் இருந்தது. கவரைப்பேட்டை தாண்டியதும் கடைப் பலகைகளில் தெலுங்கும் கூடவே வரத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி இறங்கும்போது பதினொன்று. ஆலைகள் வரப் போவதாக ஊரெல்லாம் பேச்சு. ரயிலடிக்கு அப்பால் புன்செயில் அளவுக்கல் நட்டிருந்தார்கள். இட்லிக் கடையில் “நாஷ்டா முடிஞ்சி போச்சுமா, சோறு இன்னும் வேவல” என்று சொல்லி ஒரு டீயோடு அனுப்பிவிட்டார்கள். ஏரிப் பக்கம் போகும் பஸ் ஒரு மணிக்கு வந்தது. பத்து மைல் தூரம். நெல் வயல் முடிந்து உப்புத் தரை தொடங்கும் இடத்தில் பள்ளி. தலைமை ஆசிரியர் முனிரத்தினம் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். கரை வேட்டி கட்டிய நல்ல மனிதர். நடக்கத் தொடங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

“பத்மா டீச்சர் மாதிரி ஒருத்தர் கெடைக்கிறது கஷ்டம்மா.”

திங்கள் காலை ஒன்பதரை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்கம் ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். இடப்பக்கம் நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள். நடுவே ஒரு ஆள் படுக்கலாம்போல் இடைவெளி. அது வழக்கம்போலும் என்று விட்டுவிட்டேன்.

“டீச்சர், சாயச் சாலைப் பாக்குறீங்களா?” என்றாள் வலப்பக்கம் முதலில் இருந்த பூங்காவனம். எட்டாம் வகுப்பு, கண்ணில் பயமே இல்லாத பெண்.

பள்ளிக்குப் பின்னால், சால் என்கிற பெரிய மண்பானை ஒன்றைக் கழுத்துவரை தரையில் புதைத்து வைத்திருந்தாள் பத்மா. நீலக்கட்டியும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்டுப் புளிக்கவைத்த சாயம். அது உயிருள்ள சரக்கு. தீனி போட்டுக் கலக்கிவிடாவிட்டால் செத்துவிடும். பத்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. செத்திருக்கும் என்று நான் மனதார நம்பியிருந்தேன். மூடியைத் தூக்கினால் மேலே தாமிரம்போல் மினுமினுக்கும் படலம், நடுவில் நீல நுரை. வெகு ஜோராக இருந்தது.

“டெய்லி நாங்கதான் கலக்குறோம். பத்மா டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க” என்றாள் பூங்காவனம்.

“இருக்கட்டும். நாம் பக்கெட்டில் புதுச் சாயம் போடலாம்” என்று என் தகர டின்னைத் திறந்தேன். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

கூழாங்கல்லைக் காடாத் துணியில் வைத்து, சுற்றிலும் நூலை இறுக்கி, முடிச்சுப் போட்டு முக்கச் சொன்னேன். கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் நீலம். சாயத்திலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் எந்த ஊரிலும் ஓவென்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் நான் இந்தத் தொழிலிலேயே இருக்கிறேன். துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“காத்துப்பட்டா நீலமாயிடும் டீச்சர்” என்று ஒரு பையன் எனக்குச் சொல்லித் தந்தான்.

அதைவிட மோசம், அவிழ்க்கும்போது. வயல் வீட்டுப் பிள்ளைகள் கட்டிய நூல் பக்கெட்டிலேயே கழன்று மிதந்தது. அவர்கள் துணியில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. ஏரி வீட்டுப் பிள்ளைகளின் முடிச்சோ நனைந்ததும் கல்லாகிவிட்டது. நகத்தால் முடியவில்லை, ஊசியால் முடியவில்லை. பிளேடு எடுத்து அறுத்தேன். நூலோடு துணியும் அறுந்தது. ஓட்டை விழுந்த துணிகளைப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்தார்கள்.

“ஏன் இப்படிக் கட்டினீங்க?” என்று கத்தினேன்.

“வலை முடிச்சு டீச்சர்” என்றாள் பூங்காவனம். “தண்ணிபட்டா இறுகணும். அவுந்தா மீனு பூடும் இல்ல?”

இடப்பக்கத்திலிருந்து கோதண்டம் என்ற பையன் எழுந்தான். “நாங்க நெல்லுக்கட்டுக்கு வைக்கப்பிரி முறுக்குறாப்ல நூலை முறுக்கிச் செருகிட்டோம் டீச்சர். களத்துல போட்டு ஒரே இழு, அவுந்துரணும். எங்க நைனா அப்டித்தான் கட்டுவாரு.”

“பத்மா டீச்சர் எங்களை ஜோடி ஜோடியா உக்கார வெப்பாங்க” என்று பூங்காவனம் தொடங்கினாள்.

“இப்போ இங்க டீச்சர் நான்” என்றேன். பூங்காவனம் கையிலிருந்த கிழிந்த துணியைக் கீழே வைத்தாள். வேப்பஞ்சருகு விழுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மதியச் சாப்பாட்டின்போது முனிரத்தினம் மோரை ஊற்றிக்கொண்டே, “துணி கிழிஞ்சி போச்சாமே” என்றார். “கமிட்டிக்காரங்க புதன்கெழமை வராங்கம்மா. இன்னும் ஒரு பீஸ் காடாதான் இருக்குது.”

செவ்வாய்க்கிழமை முழுக் காலையும் எனக்குத் தெரிந்த சுருக்கு முடிச்சைக் கற்பித்தேன். பழைய காகிதத்தில் கட்டிப் பழகச் சொன்னேன். ஏரிப் பிள்ளைகள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் விரல்கள் கேட்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவை பாட்டுக்கு வலை முடிச்சைப் போட்டு முடித்துவிடும். நடக்கத் தொடங்கியதிலிருந்து வலையோடு இருக்கிற விரல்கள். நான் ஒரு காலைப்பொழுதில் அவற்றை மாற்றிவிடுவேனாம்!

பன்னிரண்டு மணிக்கு ஒரு பீஸ் காடாவையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். வேலை கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது நன்றாகவே தெரிந்தது. ஜூன் மாதம் மறுபடி யார் வீட்டு வளைகாப்பு என்று விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டும். வேப்பங்காயைக் கடித்ததுபோல் இருந்தது, கேட்டுவிட்டேன்.

“அவங்க எப்படி உக்கார வெப்பாங்க?”

சொல்லி முடிப்பதற்குள் நடு இடைவெளி காணாமல் போனது. ஏரிப் பிள்ளை ஒன்று, வயல் பிள்ளை ஒன்று என்று ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். பூங்காவனத்துக்கு எதிரே கோதண்டம். அவள் கல்லைச் சுற்றி நூலை இறுக இறுகச் சுற்றினாள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே காற்று நுழைய முடியாது. முடிச்சுப் போடுவதற்குமுன் நுனியை அவனிடம் நீட்டினாள். அவன் அதை நெற்கட்டுப் பிரிபோல முறுக்கி அடியில் செருகினான். முடிச்சே இல்லை. அத்தனை இறுக்கத்தில் செருகினது கழலவும் வழியில்லை.

என்ன சொல்வது! ஏரித் தெருவும் வயல் தெருவும் ஒன்றாக உட்கார்ந்து பழகுவதையும் துணியையும் ஒரே நூலில் கட்டியிருந்தாள் அந்தப் பாவி பத்மா. அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே அறைந்துகொள்ளலாம்போல் வந்தது.

“சால்ல முக்கலாமா டீச்சர்?” என்று கேட்டான் கோதண்டம்.

“முக்குங்க” என்றேன். இனி என்ன மானம்.

புதன்கிழமை பத்தரைக்குக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து நுனியைப் பிடித்து இழுத்தார்கள். நூல் சுர்ரென்று சுழன்று பிரிய, ஆழ்ந்த நீலத்தில் வெள்ளை வளையம் வளையமாகத் திறந்தது. ஒரு துணியிலும் ஓட்டை இல்லை. கமிட்டியில் பெரியவர் ஒருவர் துணியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அடேங்கப்பா, சோக்கா கீதே! இது யார் யோசனைமா?”

நான் வாயைத் திறக்குமுன், “பத்மா டீச்சர் யோசனை” என்றாள் பூங்காவனம்.

அப்போதுதான் வாசலில் ஜட்கா வந்து நின்றது. நெல்லூரிலிருந்து ரயிலேறி, கைக்குழந்தையோடு பத்மாவே இறங்கினாள். திரும்பி வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று நேரில் கேட்க முனிரத்தினம்தான் வரச் சொல்லியிருந்தாராம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளையில் மெல்லிய கரை போட்ட புதுப்புடவை. கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். அழகாக இருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

“சுலோ! நீயா வந்திருக்கே!” என்று என் கையைப் பிடித்தாள். துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலைமை ஆசிரியரிடம் திரும்பினாள். “எனக்கு வேணாம் சார். அவருக்கு நெல்லூர்லயே நிரந்தரமாயிடுச்சு. இவளுக்குக் குடுங்க. ட்ரெய்னிங்ல என்னைவிட இவ கைதான் சுத்தம்.”

கமிட்டிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். ஆக, வேலை கிடைத்துவிட்டது. அதையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதியில்லை. நன்றி என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த நூலைப் பொறுக்கத் தொடங்கினேன்.

பின்கட்டில் சாயச் சாலைக் கலக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அப்போதுதான் சேதி எட்டியது. முழங்கைவரை சாயத்தோடு ஓடி வந்தார்கள். பத்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள், முந்தானையைப் பிடித்துத் தொங்கினார்கள். பூங்காவனம் குழந்தையைப் பார்க்க அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“ஐயோ கழுதைங்களா, புதுப்புடவைடா!” என்று பத்மா கத்தினாள். ஆனால் ஒருவரையும் விலக்கவில்லை.

அவள் புடவை முழுவதும் பிள்ளைகளின் கை. முதலில் பச்சையாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டு, விரல் விரலாக நீலமானது.

மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினேன். கும்மிடிப்பூண்டியில் செங்குன்றம் பஸ் மாறினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருவாட்டுக்காரம்மா ஊர் விசாரித்தாள், சொன்னேன்.

“வேல கெட்ச்சுதா?”

“கிடைச்சுது.”

“அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிக்கினுகீற?”

என் திருவள்ளூர் அறையில் பாதி மாடம் சோப்புக் கட்டிகள்தான். சாயக்காரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொட்டையும் அன்றன்றே தேய்த்துப் போக்குகிறவள் நான். முந்தானையை மடியில் விரித்தேன். கவரைப்பேட்டை போயிற்று, காரனோடைப் பாலம் போயிற்று. திருப்பித் திருப்பித் தேடினேன். மூன்று நாள் பிள்ளைகளோடு இருந்தவளின் புடவையில் எங்கேயும் ஒரு நீல விரல்கூட இல்லை.